நடு எங்கே இருக்கிறது, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். முதல் பக்கம் முழுவதும் புது ரிம்மின் நிறம். இரண்டாம் பக்கம், பாயான் பாரு சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்தவன் எப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்தான் என்பது. மூன்றாம் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே நெருக்கி, "அண்ணே, 90-க்கு மேல போனா ஸ்டியரிங் நடுங்குது, என்ன பண்ணலாம்?" என்று ஒரே வரி. நட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. நடுத்துளையைப் பற்றி ஒரு சொல் இல்லை. வயிற்றுவலிக்காரன் டாக்டரிடம் போய்த் தன் சட்டையின் விலையைச் சொன்ன மாதிரி இருக்கிறது.

போகட்டும். உன் வயதில் நானும் அப்படித்தான். ஸ்போர்ட் ரிம் போட்ட முதல் வாரம் மனிதனுக்குக் கண் மட்டும்தான் வேலை செய்யும். இப்போது கையையும் முதுகையும் கொஞ்சம் வேலைக்கு அமர்த்து. அடுத்த முறை அம்மாவைப் பார்க்க நிபோங் திபால் போகும்போது நான் சொல்வதைக் கவனித்துப் பார். ஓட்டிக்கொண்டே இந்தக் கடிதத்தைப் படிக்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

பத்து மாவுங்கில் ஏறி பினாங்கின் இரண்டாம் பாலம் வழியாகத்தானே போகிறாய்? பாலத்தின் மேல் கேட்கும் 'டக், டக்' சத்தத்தைக் கணக்கில் சேர்க்காதே. 24 கிலோமீட்டர் பாலம், அதில் கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர் கடலின் மேல். வெயிலில் நீளவும் இரவில் சுருங்கவும் இடம் விட்டு இணைப்பு வைத்திருக்கிறார்கள். டயர் அதைத் தாண்டும் சத்தம் அது. 2014-இல் பாலம் திறந்த புதிதில் என் சிநேகிதர் ஒருவர் இந்தச் சத்தத்துக்காகவே இரண்டு ஷாக் அப்சார்பரை மாற்றினார். இன்றைக்கும் சத்தம் கேட்கிறது. அவர் இப்போது பழைய பாலத்தில் போகிறார், அங்கேயும் கேட்கிறதாம்.

பாலம் இறங்கி, பத்து காவான் தாண்டி நெடுஞ்சாலையில் சேர்ந்த பிறகு, 110 என்று பலகை போட்ட நேர்ச்சாலையில் பார். கை நடுங்குகிறதா, உட்கார்ந்த இடம் நடுங்குகிறதா? கை என்றால் முன் சக்கரம். இருக்கையும் தரையும் என்றால் பெரும்பாலும் பின் சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும், அது வேறு கதை. எண்ணெய் மிதிக்கும்போது வந்து, காலை எடுத்தால் போய்விடுகிறது என்றால் டிரைவ் ஷாஃப்ட். சாலையில் 30-இல் போகும்போதே நொண்டி நடப்பது மாதிரி ஏறி இறங்கினால் ரிம் வளைந்திருக்கிறது, அல்லது டயர் உருண்டையாக இல்லை. 'ஊம்' என்ற சத்தம் வளைவில் கூடிக் குறைந்தால் பேரிங். நீ எழுதிய ஒற்றை வரியை நம்பினால் உன்னுடையது முதல் வகை: 90-இல் தொடங்கி, கையில் தெரிகிறது. நல்ல வேளை. இருப்பதிலேயே மலிவான வியாதி அதுதான்.

"மெதுவாகப் போனால் ஒன்றுமே இல்லையே, அப்படியானால் சக்கரத்தில் எப்படிக் கோளாறு இருக்கும்?" என்று கேட்பாய். கேள். உன் பெரோடுவா மைவியில் இப்போது இருக்கும் டயர் 195/45, 16 அங்குலம். தரையில் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 1.83 மீட்டர் போகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு விநாடிக்கு 15 சுற்று. காரின் அடியில் தொங்கும் சக்கரம், சஸ்பென்ஷன் கை, ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்கும் தனக்கென்று ஒரு தாளம் உண்டு. அதுவும் ஏறக்குறைய இந்தப் பக்கத்தில்தான் இருக்கும். ஊஞ்சலில் குழந்தையை ஆட்டியிருக்கிறாயே, அது திரும்பி வரும் நேரம் பார்த்துச் சும்மா விரலால் தொட்டாலே போதும், உயரப் போகும். நேரம் தவறித் தள்ளினால் உன் கைதான் வலிக்கும். சின்னக் கோளாறு 60-இலும் இருக்கிறது. தாளம் சேரும் வேகத்தில்தான் அது உன் கைக்கு வந்து சேர்கிறது. 120-இல் குறைந்துவிடுகிறது என்று யாராவது உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். குறையலாம். அதை வைத்தியமாக எடுத்துக்கொள்ளாதே.

இன்னொன்று. சுற்றுகிற பாரத்தின் இழுப்பு வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். விளிம்பில் வெறும் 20 கிராம் அதிகமாக இருந்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அது கிட்டத்தட்ட 3.8 கிலோ பாரமாக இழுக்கும், விநாடிக்குப் பதினைந்து தரம், மேலும் கீழும். தைப்பூசத்துக்கு நம் செட்டியார்களின் வெள்ளி ரதம் 1894-இலிருந்து ஜார்ஜ் டவுனில் ஓடுகிறது. அதன் சக்கரத்தை யாரும் மெஷினில் ஏற்றிப் பேலன்ஸ் செய்ததாக நான் கேள்விப்படவில்லை. தேவையும் இல்லை. ஆள் நடக்கும் வேகம், மணிக்கு 4 கிலோமீட்டர் என்று வை. அங்கே அதே 20 கிராம் இழுக்கிற இழுப்பு 625-இல் ஒரு பங்கு, ஆறு கிராம். முருகனுக்கு அது தெரியப்போவதில்லை. நீ முருகன் வேகத்தில் போவதில்லை.

இப்போது திட்டுகிறேன், வாங்கிக்கொள். அலைன்மெண்ட் எத்தனை தடவை செய்தாய்? மூன்று என்று உன் அண்ணி மூலமாகத் தெரிந்தது. நீ கடிதத்தில் எழுத வெட்கப்பட்டிருக்கிறாய். அலைன்மெண்ட் என்பது சக்கரங்கள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றன என்ற விஷயம். அது கெட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரத்தில் தேயும். நடுங்காது. நடுங்குகிற காருக்கு அலைன்மெண்ட் செய்வது தலைவலிக்குச் செருப்பு மாற்றுவது. முதல் தடவை தெரியாமல் செய்தாய், சரி. இரண்டாவது தடவை நம்பிக்கை. மூன்றாவது தடவைக்கு நான் பெயர் வைக்கவில்லை.

அடுத்து, பழைய ரிம் எங்கே? பதில் சொல்லாமல் மழுப்பாதே. விற்றுவிட்டாய், இல்லையா? இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. பழைய 15 அங்குலச் சக்கரம் நான்கையும் மாட்டி அதே சாலையில் ஓட்டு. நடுக்கம் போய்விட்டால் கோளாறு புது ரிம்மில், டயரில், அல்லது மாட்டிய விதத்தில். போகவில்லையென்றால் ரிம்மைப் பழி சொல்லாதே, காருக்குள் போய்ப் பார். அரை மணி நேரத்தில், ஒரு வெள்ளி செலவில்லாமல் பாதி ஊரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கலாம். வாங்கியவனிடம் ஒரு நாள் இரவல் கேள். வெட்கப்படாதே, அவன் காருக்கும் ஒருநாள் ரிம் மாற்றும் ஆசை வரும்.

அவன் கொடுக்கவில்லையென்றால் இன்னொரு வழி: முன்சக்கரத்தைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றிப் போடு. நடுக்கம் கையிலிருந்து இருக்கைக்கு இடம் மாறினால் குற்றவாளி அந்த இரண்டு சக்கரங்களில் ஒன்று. கையிலேயே நின்றால் சக்கரம் நிரபராதி என்று உடனே தீர்ப்பு எழுதிவிடாதே. நான்கு சக்கரத்துக்கும் பொதுவான ஒரு கோளாறு இருக்கலாம். உன் விஷயத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதைத்தான் சொல்ல வந்தேன். உட்கார்.

உன் மைவியின் சக்கரத்தைக் கழற்றி, அது உட்காரும் ஹப்பைப் பார்த்தால், நடுவில் ஒரு உருண்டை விளிம்பு கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதன் குறுக்களவு 54.1 மில்லிமீட்டர். பெரோடுவா கொடுத்த ரிம்மின் நடுத்துளையும் அதே 54.1. மோதிரம் விரலில் ஏறுவது மாதிரி ஏறி உட்காரும். சக்கரத்தின் நடுவும் காரின் நடுவும் ஒன்றாகிவிடும். நட்டின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டும்தான். வெளியில் ரிம் செய்கிறவன் உன் ஒருவனுக்காகச் செய்யவில்லை. நூறு வகைக் காருக்கு ஒரே அச்சில் வார்க்க வேண்டும், அதனால் நடுத்துளையைப் பெரிதாக விடுவான். பல ரிம்மில் அது 73.1. 54.1-க்கு 73.1: சுற்றிலும் ஒன்பதரை மில்லிமீட்டர் இடைவெளி. உன் விரலில் உன் தாத்தாவின் மோதிரம்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஹப் ரிங் என்று ஒரு வளையம் இருக்கிறது. வெளிவட்டம் 73.1, உள்வட்டம் 54.1, பிளாஸ்டிக்கிலோ அலுமினியத்திலோ. நான்கும் சேர்த்து நீ ஒரு மாதம் குடிக்கும் தே தாரிக் காசுகூட ஆகாது. உன் கடைக்காரர் அதைப் போட்டாரா? எழுதவில்லை. அதனால் போடவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

"ஆனால் இரண்டு தடவை பேலன்சிங் செய்தேனே அண்ணே, மெஷின் பூஜ்யம் காட்டியதை என் கண்ணால் பார்த்தேன்!" பார்த்திருப்பாய். மெஷின் பொய் சொல்லவில்லை. மெஷினில் சக்கரத்தை எதைப் பிடித்து நிறுத்துகிறார்கள்? நடுத்துளையில் ஒரு கூம்பை நுழைத்து இறுக்குகிறார்கள். அந்த நடுவைச் சுற்றித்தான் அது பூஜ்யம். அதே சக்கரம் காருக்கு வந்ததும் நடுத்துளையைப் பிடிக்க ஆள் இல்லை. நான்கு நட்டும் இழுத்த இடத்தில் நிற்கிறது. மெஷினுக்கு ஒரு நடு, காருக்கு ஒரு நடு. இரண்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள். டயரோடு சேர்த்து 16 கிலோ எடையுள்ள சக்கரம் அரை மில்லிமீட்டர் விலகி நின்றால், விளிம்பில் 40 கிராம் ஈயம் ஒட்டியதற்குச் சமம். முன்னே சொன்ன 20 கிராமை நினைத்துப் பார். அதற்கு இரண்டு மடங்கு. இன்னும் பத்துத் தடவை மெஷினில் ஏற்றினாலும் இது மெஷினுக்குத் தெரியாது.

அரை மில்லிமீட்டரா என்று சிரிக்கிறாயா? நீ எங்கே வேலை செய்கிறாய், தம்பி? 1972-இல் இண்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை வைத்த ஊர் இது. நெல்வயலாக இருந்த இடம். ஐம்பது வருஷமாக இந்த ஊர்ப் பெண்களும் ஆண்களும் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துத் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கம்பி 25 மைக்ரான் தடிமன் என்றால், உன் அரை மில்லிமீட்டரில் அப்படி இருபது கம்பியை அடுக்கலாம். உன் லைனில் ஒரு மெஷின் இவ்வளவு விலகினால் சூப்பர்வைசர் லாட்டையே ஹோல்டு போட்டுவிடுவார். ஷிப்ட் முடிந்து கார் பார்க்கிங்குக்கு வந்ததும் அந்தக் கண்ணை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்துவிடுகிறாய்.

இந்த இடத்தில் உன் கடைக்காரர் குறுக்கே வருவார். "ரிங் எல்லாம் தேவையில்லைங்க, நட்டுதான் பிடிக்குது, நட்டு கூம்பா இருக்கு, அதுவே நடுவுல கொண்டு வந்துடும்." அவர் சொல்வதில் பாதி சரி, அதனால்தான் ஆபத்து. காரின் பாரத்தை ரிங் சுமப்பதில்லை. நட்டு அழுத்துகிற அழுத்தத்தில் ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே வரும் உராய்வுதான் சுமக்கிறது. பிளாஸ்டிக் ரிங் போட்டால் உடைந்து சக்கரம் கழன்றுவிடும் என்று பயமுறுத்துகிறவர்களை நம்பாதே. கூம்பு நட்டு சக்கரத்தை நடுவுக்குக் கொண்டு வரும் என்பதும் உண்மை. எப்போது? சக்கரம் தரையில் படாமல் அந்தரத்தில் தொங்கும்போது, நான்கு நட்டையும் கையால் ஏற்றி, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால். அவர் கடையில் எப்படி மாட்டினார்கள்? சக்கரத்தைத் தூக்கி வைத்தான், ஏர் கன்னை எடுத்தான், முதல் நட்டில் 'டர்ர்ர்' என்று முழுதாக இறுக்கினான், இல்லையா? அந்த நொடியில் சக்கரம் தன் எடையால் கீழே சரிந்திருந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டது. மற்ற மூன்று கூம்பும் பிறகு என்ன இழுத்தாலும் அது வராது. ரிங் இருந்தால் இந்த அவசரக்காரனையும் அது காப்பாற்றும். எனக்கு ரிங் பிடிப்பதற்குக் காரணம் அதுதான். நம் கடைகளில் ஏர் கன்னுக்குப் பொறுமை கிடையாது.

ரிங் வாங்கப் போகும்போது குத்துமதிப்பாக வாங்காதே. "எல்லா ரிம்மும் 73.1 தாங்க" என்பான். 67.1-உம் உண்டு, 66.6-உம் உண்டு. வெர்னியர் காலிப்பரால் உன் ரிம்மின் துளையை அள. ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவனுக்கு ஒரு காலிப்பர் இரவல் கிடைக்காமல் போகாது. ரிங் ரிம்முக்குள் விரலால் அழுத்தினால் இறுக்கமாக ஏற வேண்டும். உள்ளே கடகடவென்று ஆடினால் அது ரிங் இல்லை, வளையல்.

நட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உன் பக்கத்து வீட்டு மாமாவிடம் ஹோண்டா சிட்டி இருக்கிறது, பழைய நட்டு ஒரு பெட்டி கொடுத்தார் என்று முன்னே ஒருமுறை சொன்னாய். அதை இதில் போட்டிருந்தால் இப்போதே, இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்க் கழற்று. மரை இரண்டுக்கும் ஒன்றுதான், 12 மில்லிமீட்டர், 1.5 மரை, அதனால் அழகாக ஏறும், உன்னை ஏமாற்றும். ஆனால் ஹோண்டா தன் சொந்த ரிம்முக்குத் தருகிற நட்டின் அடி உருண்டை, நீ வாங்கிய ரிம்மின் குழி கூம்பு. கூம்புக் குழியில் உருண்டை உட்கார்ந்தால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் தொடும். முதல் நாள் இறுக்கமாக இருக்கும், அப்புறம் தளரும். நடுக்கம் திடீரென்று ஒரு நாள் கூடிக்கொண்டே போனால் வீடு போய்ச் சேர்ந்து பார்க்கலாம் என்று நினைக்காதே. ஓரமாக நிறுத்தி நட்டைத் தொட்டுப் பார். இந்தக் கடிதத்தில் விளையாட்டு இல்லாத ஒரே இடம் இது.

சரி, ரிங்கும் சரி, நட்டும் சரி, இன்னும் நடுங்குகிறது என்றால்?

என் பழைய புரோட்டான் விராவின் கதையைச் சொல்கிறேன். 90-களின் கடைசியில் அதற்கு ஒரு ஸ்போர்ட் ரிம் போட்டேன். நடுங்கியது. ஒரு கடையில் என்ஜின் மவுண்டிங் என்றார்கள், மாற்றினேன். டிரைவ் ஷாஃப்ட் என்றார்கள், அதையும் மாற்றினேன். சம்பளத்தில் கணிசமான பங்கு போனது. உன் அண்ணி அந்த மாதம் என்னோடு பேசிய சொற்களை எண்ணிவிடலாம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கை கழுவப் போகும்போது வெளிச்சம் சாய்ந்து விழுந்ததில் பார்த்தேன்: பின் டிரம்மின் முகத்தில், நட்டு ஏறும் ஸ்டட்டைச் சுற்றி, வாஷர் மாதிரி மெல்லிய தகடு ஒன்று. ஆலையில் காரைப் பூட்டும்போது டிரம் விழாமல் இருக்கப் போட்ட பிடிப்பு அது. பழைய ரிம்மின் முதுகில் அதற்கென்று குழி இருந்தது, புது ரிம்மில் இல்லை. சக்கரம் அந்தத் தகட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தேன். முடிந்தது கதை.

துருவும் அப்படித்தான். இந்தத் தீவில் கடல்காற்றுக்கு ஹப்பின் முகம் பொரிந்து போகும். அங்கே அரை மில்லிமீட்டர் துருச்செதில் ஒரு பக்கம் இருந்தால், ரிம்மின் விளிம்பு அதைவிடத் தூரத்தில் இருப்பதால் அங்கே கிட்டத்தட்ட மூன்று மடங்காக, ஒன்றரை மில்லிமீட்டர் இடவலமாக ஆடும். கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய். ரிம்மின் முதுகையும் பார். விலைச்சீட்டு ஒட்டியிருக்கும், பெயிண்ட் கட்டியாக உறைந்திருக்கும். கிரீஸ் அள்ளிப் பூசாதே. ஹப் விளிம்பில் மட்டும் விரல்நுனி அளவு போதும். ஸ்டட்டின் மரையில் வேண்டவே வேண்டாம்.

அதற்கும் மேல் சந்தேகம் இருந்தால் ரிம்மைச் சந்தேகி. உனக்குத்தான் அது புதிது, நீ வாங்கியது செக்கண்ட் ரிம். பழைய வீரன் அது. எந்தக் குழியில் விழுந்து எழுந்ததோ. காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே தலையை வைக்காதே), ஒரு பென்சிலைச் செங்கல் மேல் வைத்து அதன் முனை ரிம் விளிம்பைத் தொடாமல் தொடும்படி நிறுத்து. சக்கரத்தைக் கையால் சுற்று. இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால் ரிம் வளைந்திருக்கலாம், அல்லது சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். கழற்றிச் சுத்தம் செய்து மாட்டி மறுபடி பார், அப்போதும் அதே இடத்தில் ஆடினால் வளைவுதான். அப்படியே பென்சிலை டயரின் மேல் வைத்தும் பார். ரிம் நேராகச் சுற்றி டயர் மட்டும் ஏறி இறங்கினால், டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை, அல்லது உள்ளே கம்பிப் படலம் பிரிந்துவிட்டது. செக்கண்ட் டயரில் அது சகஜம். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 1216 என்றிருந்தால் அந்த டயர் 2016 மார்ச்சில் பிறந்தது. விலை மலிவாக இருந்ததற்குக் காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

இன்னொரு வகை உண்டு, அதை நினைத்தால் எனக்கு நடுங்குகிறது. துளைக் கணக்கு பொருந்தாத ரிம்மை அழகாக இருக்கிறது என்று வாங்கி, பழைய துளையை அடைத்து 4×100-க்கு (100 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு துளை) புதிதாகத் துளைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கையால் அளந்து துளைத்தால் நான்கு துளையின் வட்டமே நடுவிலிருந்து விலகிவிடும். எந்த ரிங்கும் அதற்கு மருந்தில்லை. உன் ரிம்மின் நட்டுத் துளைகளைச் சுற்றி வெல்டிங் தழும்பு தெரிந்தால் எழுது. காசை மறந்துவிடும் வழியைச் சொல்லித் தருகிறேன்.

ரிம்மை வெளியே தள்ள ஸ்பேசர் தகடு போட்டிருக்கிறாயா? "மட்கார்டோடு சமமாக வரணும்னு அஞ்சு மில்லி மட்டும்" என்று இழுப்பாய். அந்த ஐந்து மில்லிதான் ஹப்பின் துருத்திய விளிம்பைத் தின்றுவிடும். ரிங் போட்டாலும் பிடிக்க இடம் இருக்காது. நட்டும் ஸ்டட்டில் குறைவாக ஏறும். கையால் எண்ணிப் பார், எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். குறைந்தால் கழற்றி வீசு. வெளியே துருத்திய டயரைச் சாலைப் போக்குவரத்து இலாகா (ஜே.பி.ஜே.) அதிகாரியும் ரசிக்க மாட்டார்.

பேலன்சிங்கை மறுபடி செய்யத்தான் வேண்டும், ஆனால் இம்முறை நீ பக்கத்தில் நில். பழைய ஒட்டு எடைகளை எல்லாம் உரித்துவிடச் சொல். கூம்பை ரிம்மின் முதுகுப் பக்கமிருந்து நுழைக்கச் சொல், ஹப்பில் உட்காரும் பக்கம் அதுதான். பூஜ்யம் வந்ததும் கடைப் பையன் கழற்றப் போவான். தடு. "ஒரு நிமிஷம், சக்கரத்தைத் தளர்த்தி அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி இறுக்கி ஓட்டுங்க" என்று கேள். மறுபடியும் பூஜ்யமோ பக்கத்திலோ வந்தால் வேலை சுத்தம். 20, 25 என்று குதித்தால் மெஷினிலேயே சக்கரம் நடுவில் உட்காரவில்லை. அதுவரை ஒட்டிய எடை எல்லாம் வீண். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். முதலிலேயே ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துவிடு, பாதி முறைப்புக் குறையும்.

மாட்டும்போது: தூக்கிய நிலையில் நான்கு நட்டையும் கையால், பிறகு சின்ன ஸ்பேனரால் எதிரெதிராக, சக்கரத்தைக் கையால் ஒருமுறை ஆட்டிவிட்டு மறுபடி. டயர் தரையைத் தொட்ட பிறகுதான் டார்க் ரெஞ்ச். உன் காருக்கு நூறு நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். சரியான எண் கையேட்டில் இருக்கிறது, டேஷ்போர்டுப் பெட்டிக்குள், நீ பிரிக்காத பிளாஸ்டிக் உறையில். ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதிக்காதே. ஸ்டட் நீளும், டிஸ்க் கோணும், அப்புறம் பிரேக்கில் நடுங்கும், நீ எனக்கு இன்னொரு மூன்று பக்கம் எழுதுவாய்.

ரிங் வந்ததும் சொல். வருகிற ஞாயிறு காலை எனக்கு வேலை இல்லை, ஸ்டாண்டும் கம்பி பிரஷ்ஷும் என்னிடம் இருக்கின்றன. காலிப்பரை நீ கொண்டு வா. முடிந்ததும் நிபோங் திபால் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வா. அவ்வளவு தூரம் ஓடிய பிறகு நட்டை மறுபடி ஒருமுறை டார்க் ரெஞ்சால் பார்க்க வேண்டும், அதனால் திரும்பும் வழியில் நேராக இங்கே வந்துவிடு. அண்ணி மீன் குழம்பு வைப்பாள். அலைன்மெண்ட் கதையை அவள்தான் கேட்கப் போகிறாள், தயாராக வா.

அன்புடன்,
உன் அண்ணன்
பாயான் லெப்பாஸ்